பவுண்டரிக்கு வெளியே ஒரு வேலை



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியமோ கல்வெட்டோ பேசுவது வழக்கம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெற்றோர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "இதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதுமே" என்றார். அப்படி எத்தனையோ செய்திகள் போய்விட்டன. சனிக்கிழமை காலை மைதானத்தில் கேட்கும் சத்தம் மட்டும் குறையவில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேச அனுமதி வேண்டுகிறேன்.

பெங்களூர்த் தமிழர்களிடம் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர் கௌதமபுரத்தைத் தாண்டிப் போக முடியாது. அல்சூரை ஒட்டிய அந்தப் பகுதியில் அம்பேத்கருக்கும் அன்னை தெரசாவுக்கும் சிலை வைத்தவர்கள் பெலேவுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்களின் குடியிருப்பு அது. அங்கிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்தாட்டக்காரர்கள் புறப்பட்டு வந்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 1-2 என்று இந்தியா தோற்ற ஆட்டத்தில், நம் பக்கத்தின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது.

அந்தக் காலத்தில் எந்த அப்பாவும் மைதானத்துக்கு வந்ததில்லை, பிள்ளைகள் தாமாகவே வளர்ந்தார்கள், அதுதான் சரி என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. யாரும் வராததால் எத்தனை பையன்கள் முழங்காலை உடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்களோ, அதற்குக் கணக்கில்லை. பெண்பிள்ளைகள் மைதானத்தின் பக்கமே வராத காலம் அது. இன்று ஒரு தாய் விடியற்காலை ஐந்து மணிக்கு மகளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகிறாள் என்றால், அது வளர்ச்சிதான். பெற்றோர் வர வேண்டும். வந்து என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

இந்த நகரத்தில் ஏதாவது ஒரு அகாடமியின் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள். கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் ஓவர் வரைக்கும் பெற்றோர் அதில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது ஓவரில் பாதிப் பேர் எழுந்து பவுண்டரிக் கோட்டருகே வந்துவிடுவார்கள். அப்புறம் ஐந்து மொழிகளில் பயிற்சி நடக்கும். "நேரா ஆடுடா", "ஹொடி ஹொடி", "ஓடு, ஏன் நிக்கிற" என்று ஆளுக்கொரு கட்டளை. பந்து வீசப்படும் கணத்தில் பையன் பந்தைப் பார்ப்பதா, அப்பாவைப் பார்ப்பதா? கவனித்துப் பாருங்கள், அவுட் ஆன பையன்களில் பலர் நடுவரைப் பார்ப்பதற்கு முன்னால் கூடாரத்தைப் பார்க்கிறார்கள்.

இது அன்பில்லாதவர்கள் செய்யும் காரியம் இல்லை. மட்டை, காலணி, அகாடமிக் கட்டணம், போட்டிக் கட்டணம், வெளியூர்ப் பயணம் என்று ஒரு நடுத்தரக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் கொட்டுகிறது. கூடவே இன்னொரு கணக்கும் ஓடுகிறது. பொறியியல், மருத்துவப் படிப்புகளில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. மாநில அளவில் ஆடிய சான்றிதழுக்கு விலை இருக்கிறது. இவ்வளவும் தலையில் ஏறிய பிறகு, எட்டாவது ஆளாக மட்டை பிடிக்க அனுப்பப்பட்ட மகனைப் பார்க்கும் தந்தைக்கு ஆட்டம் தெரிவதில்லை. போட்ட முதல்தான் தெரிகிறது. அன்றிரவு பயிற்சியாளரின் கைப்பேசிக்கு நீளமான செய்தி ஒன்று போகும்.

எல்லைக்கோட்டுச் சத்தத்தைவிட எனக்குக் கவலை தருவது வீடு திரும்பும் பயணம். அமெரிக்காவில் புரூஸ் பிரவுன், ராப் மில்லர் என்ற இரண்டு பயிற்சியாளர்கள் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் பல ஆண்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டு வந்தார்கள்: சிறு வயது விளையாட்டில் உங்களுக்கு மிகவும் கசப்பான நினைவு எது? தோல்வியையோ காயத்தையோ சொல்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஆட்டம் முடிந்து அப்பா அம்மாவோடு காரில் வீட்டுக்குப் போனதைச் சொன்னவர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவில் அது இருபது நிமிடப் பயணமாக இருக்கலாம். நம் ஊரை நினைத்துப் பாருங்கள். சர்ஜாபுரத்துக்கு அப்பால் மைதானம், வீடு ராஜாஜிநகரில். நடுவில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு. பத்து வயதுப் பிள்ளை பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இறங்கி ஓட வழியில்லை. முன்சீட்டிலிருந்து முதல் பந்து தொடங்கி விமர்சனம் வருகிறது. "அந்த கேட்ச்சை எப்படிடா விட்ட? அவன் பாரு, உன்கூடத்தான் சேர்ந்தான், அவனை அண்டர் ஃபோர்ட்டீனுக்குக் கூப்பிட்டுட்டாங்க." ஆட்டம் இரண்டரை மணி நேரம், விசாரணையும் கிட்டத்தட்ட அதே அளவு. இந்த நகரத்தின் போக்குவரத்தால் நமக்கு வந்த கேடுகளின் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் பாடம் ஏறாது. உடம்பில் சூடு இறங்கியிருக்காது, அழுகை தொண்டையில் நிற்கும், பசி வேறு. அந்த நேரத்துக்கு ஏற்றது வழியில் எந்த தர்ஷினி உணவகம் திறந்திருக்கிறது என்ற பேச்சு. மசால் தோசை வந்து பாதி உள்ளே போன பிறகு பிள்ளையே ஆட்டத்தை எடுத்தால் கேட்கலாம். எடுக்காவிட்டால் அன்றைக்கு அந்தப் பேச்சு இல்லை. இதைச் சொன்னால், "அப்போ தப்பை யார் திருத்துவது?" என்கிறார்கள். அதற்குத்தானே பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்?

ஜூனியர் டென்னிஸில் இது வேறு வடிவம் எடுக்கிறது. தொடக்கச் சுற்று ஆட்டங்கள் பலவற்றில் நடுவர் நாற்காலி கிடையாது. தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்பதை ஆடுகிற பிள்ளையே சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து குழந்தைகளுக்கு இதைவிட நேரடியாக நேர்மையைக் கற்றுத்தரும் ஏற்பாடு வேறு விளையாட்டில் இல்லை. தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே "உள்ளே" என்று சொல்லிப் பழக வேண்டும். அந்த நேரத்தில் கம்பி வலைக்கு வெளியே நிற்கும் தகப்பன் ஒரு விரலை லேசாகத் தூக்குகிறான். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு "அவுட்" என்கிறது. ஒரு புள்ளிதான் கிடைத்தது. அதற்குக் கொடுத்தது எவ்வளவு என்று அந்தத் தகப்பனுக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

அந்த விரலின் நீட்சி எங்கே போகும் என்பதற்கு டென்னிஸ் உலகமே சாட்சி. ஆட்டக்காரர் மேரி பியர்ஸின் தந்தை ஜிம் பியர்ஸ், 1993-இல் பிரெஞ்சு ஓபனிலிருந்து வெளியேற்றப்பட்டு, மகளிர் டென்னிஸ் போட்டிகளுக்கே வரக் கூடாது என்று தடுக்கப்பட்டார். இன்னொரு ஆட்டக்காரர் யெலேனா டோகிச்சின் தந்தைக்கு 2000-இல் மகளிர் டென்னிஸ் சங்கம் ஆறு மாதத் தடை விதித்தது. இவர்களாவது கத்தினார்கள், சண்டை போட்டார்கள். பிரான்சில் ஒரு தந்தை தன் பிள்ளைகளோடு மோத வந்த ஆட்டக்காரர்களின் தண்ணீர் பாட்டிலில் மயக்க மருந்து கலந்தார். 2003-இல் அப்படிக் குடித்த ஓர் இளைஞர் ஆட்டம் முடிந்து கார் ஓட்டிச் செல்லும்போது விபத்தில் இறந்தார். 2006-இல் அந்தத் தந்தைக்கு எட்டாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. கொடூர மனம் படைத்தவர் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவரும் பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் தொடங்கினார்.

நம் ஊர் மருந்து வேறு: பிறப்புச் சான்றிதழ். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தில்லியில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய ராகுல் திராவிட், வாய்ப்புக் கிடைத்த மேடையில் இளையோர் கிரிக்கெட்டைத்தான் பேசினார். வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கத்தைச் ஆட்ட நிர்ணயச் சூதாட்டத்துக்கு இணையான மோசடியாகவே பார்த்தார். அப்பாவும் பயிற்சியாளரும் சேர்ந்து பொய்ச் சான்றிதழ் தயாரிப்பதைப் பார்த்து வளரும் பையன் என்ன கற்றுக்கொள்வான் என்பதுதான் அவருடைய கேள்வி. இந்தியக் கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது. 2020-இல், தாமாக முன்வந்து உண்மையான வயதைச் சொல்கிறவர்களுக்கு மன்னிப்பு என்றுகூட அறிவித்தது. பெற்றோர் சொல்லும் வயதை நம்ப முடியாமல் குழந்தையின் எலும்பைக் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

திராவிட் பெயர் வந்துவிட்டதால் இன்னொன்று. 2023 டிசம்பரில் மைசூரில் கர்நாடகத்தின் 19 வயதுக்குட்பட்ட அணி கூச் பிஹார் கோப்பையில் உத்தராகண்டோடு மோதியது. அவருடைய மூத்த மகன் சமித் அணியில் இருந்தார். அப்போது திராவிட் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர். மனைவியோடு வந்து, காலரிப் படிக்கட்டில் மற்றவர்களைப் போல உட்கார்ந்து பார்த்தார். அந்தப் புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மகனுக்குத் தாம் பயிற்சி கொடுப்பதில்லை, தந்தை, பயிற்சியாளர் என்ற இரண்டு வேடமும் சேர்ந்து வராது, தந்தையாக இருப்பதே தமக்குப் போதும் என்று பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். டெஸ்ட்டில் 13,000 ரன்களுக்கு மேல் எடுத்தவருக்கே மகனிடம் சொல்ல எதுவுமில்லை என்றால், சனிக்கிழமை கூடாரத்தில் நமக்கு மட்டும் எவ்வளவு இருக்கிறது!

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. சும்மா இருங்கள் என்று பெற்றோரிடம் சொல்வதில் பயனில்லை. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2023 அக்டோபரில் ஒரு வார இறுதியில், குழந்தைகள் ஆட்டத்தில் பெற்றோர் கை தட்டலாம், வாய் திறக்கக் கூடாது என்று வைத்துப் பார்த்தது. நல்ல முயற்சிதான். இருந்தாலும் இரண்டு நாள் வாய்க்குப் பூட்டுப் போட்டால் மூன்றாம் நாள் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சும்மா இருப்பது சித்தர்களுக்கே கடினமாக இருந்த விஷயம். பிள்ளையின் ஆட்டத்தில் கைவைக்காத ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்ட பெற்றோர்தான், எனக்குத் தெரிந்த வரை, இந்தச் சோதனையில் தேறியிருக்கிறார்கள்.

விசுவநாதன் ஆனந்தின் தாயார் சுசீலாவை எடுத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு ஆறு வயதில் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். குடும்பம் மணிலாவில் இருந்தபோது அங்கே தொலைக்காட்சியில் மதியம் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். ஆனந்த் அந்த நேரத்தில் பள்ளியில் இருப்பார். அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதிவைப்பார். மாலையில் மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். பரிசுப் புத்தகங்களை மீண்டும் மீண்டும் அவனே வென்றதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனிமேல் எழுதிப்போடாமல் இருக்கும்படி நிகழ்ச்சிக்காரர்களே கேட்டுக்கொண்டார்களாம். எழுதிவைத்தது அம்மா, போட்டிப் பலகையில் உட்கார்ந்தது மகன். அந்த எல்லை கலையவில்லை.

பிரக்ஞானந்தாவின் தாயார் நாகலட்சுமியை 2023-இல் பாகு நகரில் நடந்த சதுரங்க உலகக் கோப்பையின்போது உலகமே பார்த்தது. வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அவர் மின்னடுப்பும் குக்கரும் எடுத்துப்போய் சாதமும் ரசமும் வைத்துக்கொடுப்பவர். மகள் வைஷாலி தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கச் சதுரங்க வகுப்பில் சேர்த்ததில் தொடங்கிய கதை, இரண்டு கிராண்ட்மாஸ்டர்களில் வந்து நிற்கிறது. குழந்தைகளுக்கான சதுரங்கப் போட்டிகளில் ஆட்டம் தொடங்கியதும் பெற்றோரைக் கூடத்தைவிட்டு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். கிரிக்கெட் மைதானத்துக்குக் கதவில்லை, அதுதான் கஷ்டம்.

பெங்களூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் குழுவில் மிக இளையவர், 14 வயது நீச்சல் வீராங்கனை தினிதி தேசிங்கு. பெயரைக் கேட்டதுமே நம் வீட்டுப் பெண் என்று தெரிகிறது. சிறு வயதில் தண்ணீர் என்றாலே அவருக்குப் பிடிக்காது, தலையை உள்ளே விடவே மாட்டார். அவருடைய பயம் தெளிவதற்காகப் பெற்றோர் தாங்கள் முதலில் நீச்சல் கற்றுக்கொண்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். கரையில் நின்று "குதி குதி" என்று கத்தும் பெற்றோரை நான் எல்லாக் குளத்திலும் பார்த்திருக்கிறேன். தாம் முதலில் இறங்கியவர்கள் அபூர்வம். தாமும் மூச்சுத் திணறி மூக்கில் தண்ணீர் ஏறியவர்கள், 200 மீட்டர் நீந்தி வரும் குழந்தையிடம் "ஏன் அரை விநாடி கூடிப்போச்சு?" என்று அவ்வளவு எளிதாகக் கேட்க மாட்டார்கள்.

பாட்மின்டன் வீரர் பிரகாஷ் படுகோன் குடும்பத்தில் பெற்றோர் பங்கு இரண்டு தலைமுறைக் கதை. அவருடைய தந்தை ரமேஷ் படுகோன் மைசூர் பாட்மின்டன் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். மல்லேஸ்வரத்தில் கனரா யூனியன் கல்யாண மண்டபம்தான் ஆடுகளம்; முகூர்த்தம் இல்லாத நாளில்தான் ஆட்டம். 1962-இல் பிரகாஷ் ஆடிய முதல் மாநில ஜூனியர் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார். இரண்டே ஆண்டில் அந்தப் பட்டத்தை வென்றார். 1980-இல் ஆல் இங்கிலாந்து. அடுத்த தலைமுறையில் மகள் தீபிகா தேசிய அளவுப் போட்டிகள் வரை பாட்மின்டன் ஆடினார். பத்தாம் வகுப்பில், போதும், எனக்கு வேறு வழி பிடித்திருக்கிறது என்றார். நாட்டின் மிகப் பெரிய பாட்மின்டன் பெயர் அந்த வீட்டில் இருந்தது, தந்தை ஏற்றுக்கொண்டார். அந்த இடத்தில் நாமாக இருந்தால்? சிறுவன் யுவராஜ் சிங் ரோலர் ஸ்கேட்டிங்கில் வாங்கி வந்த பதக்கத்தை வீசியெறிந்து, கிரிக்கெட்தான் என்று முடிவு செய்தவர் அவருடைய தந்தை. நாட்டுக்கு 2011 உலகக் கோப்பை கிடைத்தது, உண்மை. ஆனால் அப்படி எறியப்பட்ட எல்லாப் பதக்கத்துக்கும் உலகக் கோப்பை கிடைப்பதில்லை. கிடைக்காதவர்களின் கதையை யாரும் படமெடுப்பதுமில்லை.

வெளிநாடுகளில் விதியாகவே சில ஏற்பாடுகள் இருக்கின்றன. நார்வேயில் 1987 முதல் குழந்தைகள் விளையாட்டுக்கென்றே தனி விதிகள் உண்டு. பதினொரு வயதுக்குக் கீழே தரவரிசைப் பட்டியல் வெளியிடக் கூடாது. ஜெர்மனியில் ஆஃகன் நகரப் பக்கம் ரால்ஃப் க்ளோர் என்பவர் தொடங்கிய ஃபேர்ப்ளே லீக்கில் சிறுவர் கால்பந்துக்கு நடுவரே கிடையாது. முடிவுகளைப் பிள்ளைகளே எடுக்க வேண்டும், இரண்டு அணிப் பயிற்சியாளர்களும் சேர்ந்து நிற்க வேண்டும், பெற்றோர் சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் தெருவில் ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா இல்லையா, பந்து எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்குள் போனால் நாலா ஆறா என்று நாம் ஆடியது இதே லீக்தான். சண்டை வந்தது, தீர்ந்தது, ஆட்டம் தொடர்ந்தது. எந்த அப்பாவும் மாடியிலிருந்து தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே ஆட்டம் கலைந்திருக்கும்.

பெங்களூரில் அந்தத் தெருக்கள் இப்போது கார் நிறுத்துமிடங்கள். அகாடமியைத் தவிர்க்க முடியாது. ஆகவே அகாடமி நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். பருவத்தின் முதல் நாளில் பெற்றோர் கூட்டம் போட்டு ஒழுக்க விதி படித்துக் கையெழுத்து வாங்குவதைச் சிலர் செய்கிறார்கள். அதோடு ஆளுக்கொரு வேலையும் கொடுங்கள். ஒருவர் தண்ணீர்க் கேன், ஒருவர் முதலுதவிப் பெட்டி. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் கிடக்கும் வாழைப்பழத் தோலையும் பிஸ்கட் உறையையும் பொறுக்க இரண்டு பேர், எந்தப் பதவியில் இருந்தாலும் விலக்குக் கிடையாது. எதிரணியில் கடைசி வரை மட்டை பிடிக்கக் கிடைக்காத பையனின் பெயரைத் தெரிந்துகொண்டு வந்து சொல்ல ஒருவர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுங்கள். கைப்பேசிச் செயலியில் தட்டுவதைச் சொல்லவில்லை. புள்ளியும் கோடும் போட்டுப் பேனாவால் எழுதும் ஸ்கோர் புத்தகத்தைச் சொல்கிறேன். கிரிக்கெட் விதிகளில் மூன்றாவது விதி முழுக்க ஸ்கோரர்களைப் பற்றியது. இரண்டு ஸ்கோரர் இருக்க வேண்டும். இருவர் கணக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று அடிக்கடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நடுவர் காட்டும் ஒவ்வொரு சைகையையும் ஏற்றுக்கொண்டதாகத் தனித்தனியே அறிவிக்க வேண்டும் என்கிறது. அணிக்கு ஒரு பெற்றோராக அந்த மேசையில் உட்காரவையுங்கள். தன் மகன் வீசிய பந்துக்கு நடுவர் வைடு காட்டினாலும் அந்த அம்மா கையைத் தூக்கி "சரி" என்று காட்டியாக வேண்டும். ஓவர் முடிந்ததும் எதிரணிப் பையனின் அப்பாவோடு கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ரன் இடித்தால், யார் பிள்ளை எடுத்த ரன் என்று பாராமல் இருவரும் சேர்ந்து தேட வேண்டும். இந்தப் பருவத்தில் ஒரே ஒரு மைதானத்திலாவது இதைச் செய்து பார்க்கிறோம் என்று யாராவது சொன்னால், அந்த வகுப்பை எடுக்க நானே வருகிறேன். புத்தகமும் பேனாவும் என் செலவு.